இழப்பீடா, கருணைத் தொகையா? கொரிய, ஜப்பானிய வழக்கில் அவிழாத முடிச்சு

பொருநை எழுதியது:

வணக்கம். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய இராணுவம் தன் வீரர்களுக்காக நடத்திய 'ஆறுதல் நிலையங்கள்' (அன்று ஜப்பானின் ஆட்சியிலிருந்த கொரியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கொண்டுபோன பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த இடங்கள்) பற்றிய பேச்சு சென்ற மாதம் வேறோர் இழையில் வந்தபோது, ஜப்பான் இரண்டு முறை பணம் கொடுத்தாயிற்று, வருத்தமும் தெரிவித்தாயிற்று, கொரியர்கள் இன்னும் எதற்காக விடாப்பிடியாக நிற்கிறார்கள் என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், விடை நீளமானது என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன். பல ஆண்டுகளாக இவ்வழக்கைப் படித்துவருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொகை போதாது என்பதற்காக இங்கே யாரும் சண்டையிடவில்லை. கொடுத்த பணம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்பதற்காகவே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டை நடக்கிறது. நம் செய்தித்தாள்களில் 'இழப்பீடு' என்றும் 'கருணைத் தொகை' என்றும் இரு சொற்களைத் தினமும் பார்க்கிறோம். முதலாவதில் கொடுப்பவர் கடன்பட்டவர். இரண்டாவதில் கொடுப்பவர் தயாளர். தொகை ஒன்றாகவே இருந்தாலும் வாங்குகிறவர் நிற்கும் இடம் வேறாகிவிடுகிறது.

1990 ஜூன் மாதம் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் இது பற்றிக் கேள்வி எழுந்தபோது, அந்தப் பெண்களைத் தனியார் தரகர்களே கூட்டிச் சென்றார்கள் என்ற பொருளில் அதிகாரி ஒருவர் பதிலளித்தார். அந்தப் பதில் கொரியாவில் மூட்டிய சினம் சிறிதன்று. மறு ஆண்டு, 1991 ஆகஸ்ட் 14 அன்று, கிம் ஹாக்-சுன் என்ற அறுபத்தாறு வயது மூதாட்டி சியோலில் செய்தியாளர்கள் முன் அமர்ந்து, சொந்தப் பெயரோடு, முகத்தை மறைக்காமல், பதின்ம வயதில் சீனாவில் இராணுவத்தின் பிடியில் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். தென்கொரியாவில் அவ்வாறு வெளிப்படையாகப் பேசிய முதல் பெண் அவர். அந்த டிசம்பரிலேயே வேறு சிலரோடு சேர்ந்து டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார். 1992 ஜனவரியில் வரலாற்றுப் பேராசிரியர் யோஷிமி யோஷியாகி, பாதுகாப்புத் துறை நூலகத்தில் கண்டெடுத்த இராணுவ ஆவணங்களை அசாஹி நாளிதழ் வழியாக வெளியிட்டார். அதன் பிறகு, தனியார் தரகர்களின் தொழில் என்று சொல்லித் தப்ப இயலவில்லை. 1993 ஆகஸ்ட் 4 அன்று அமைச்சரவைத் தலைமைச் செயலர் கோனோ யோஹேய் வெளியிட்ட அறிக்கை, அந்நிலையங்களை அமைத்ததிலும் நடத்தியதிலும் இராணுவத்துக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கிருந்ததையும், பல பெண்கள் ஏமாற்றியும் வற்புறுத்தியும் அவர்கள் விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்கப்பட்டதையும் ஒப்புக்கொண்டது.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் அடுத்தது ஈடு. முடிச்சு விழுந்தது அங்கேதான். 1995 ஜூலையில் 'ஆசிய மகளிர் நிதியம்' தொடங்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் யென்; அந்தப் பணம் ஜப்பானியப் பொதுமக்களின் நன்கொடை. அரசின் கருவூலத்திலிருந்து மருத்துவ, நல உதவி என்ற பெயரில் கொரிய, தைவான் பெண்களுக்கு 30 லட்சம் யென்னும் பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு 12 லட்சம் யென்னும் தனியே வந்தன. பிரதமர் கையொப்பமிட்ட கடிதமும் உடன் வந்தது. அக்கடிதம் பேசியது 'அறம் சார்ந்த பொறுப்பு' பற்றி. ஜப்பானிய மொழியில் சட்டப்படியான போர் ஈட்டுக்கு 'பைஷோ' என்ற சொல் உண்டு. அதைக் கவனமாகத் தவிர்த்து, பிராயச்சித்தம் என்ற பொருள் தரும் 'ட்சுகுனாய்' என்ற சொல்லை அந்நன்கொடைக்குச் சூட்டினார்கள். உதவி என்று எழுதிய பணம் அரசிடமிருந்து, பிராயச்சித்தம் என்று எழுதிய பணம் மக்களிடமிருந்து. இந்தப் பங்கீட்டைக் கண்டால் இதை எழுதியவர் எவ்வளவு நேரம் சிந்தித்திருப்பார் என்பது புரியும்.

2015 டிசம்பர் 28 அன்று இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் சியோலில் அருகருகே நின்று தத்தம் அறிக்கைகளை வாசித்தார்கள். இருவரும் கையொப்பமிட்ட ஒரே ஆவணம் என்று எதுவும் இல்லை. இம்முறை 'அறம் சார்ந்த' என்ற அடைமொழி நீங்கி, 'பொறுப்பு' என்று மட்டும் வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காக ஜப்பான் தந்த 100 கோடி யென்னும் அரசின் கருவூலத்திலிருந்தே வந்தது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று நானும் அன்று நினைத்தேன். ஆனால் இது 'இறுதியானது, மீள முடியாதது' என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் கிஷிதா ஃபுமியோ, இந்தத் தொகை 'பைஷோ' அன்று என்று செய்தியாளர்களிடம் தெளிவுபடுத்தினார். பாதிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிக் கேட்கப்படவில்லை. மறுநாள் தங்கள் இல்லத்துக்கு வந்த கொரிய வெளியுறவுத் துணை அமைச்சரை எதிர்கொண்டு எழுந்து நின்ற, பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான இ யோங்-சு பாட்டி, எங்களிடம் கேட்காமல் எப்படி முடித்தீர்கள் என்று உரத்த குரலில் கேட்டதைத் தொலைக்காட்சிகள் காட்டின. அந்தக் கேள்விக்கு இன்றுவரை சரியான விடை இல்லை.

பணத்தைக் கையால் தொட மறுத்த பெண்களால்தான் இவ்வழக்கு இன்றும் மானத்தோடு நிற்கிறது என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுக.

ஐயமுடையோன் எழுதியது:

நன்றி, பொருநை. எனக்கு இரண்டு ஐயங்கள். முதலாவது, 1965இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தபோதே எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்துவிட்டன என்று எழுதிக் கையொப்பமிட்டார்களே. பணத்தை வாங்கிய பிறகு கதவை மீண்டும் தட்டினால், உலகில் எந்த ஒப்பந்தத்துக்குத்தான் மதிப்பிருக்கும்? இரண்டாவது, கொரியாவின் ஜேஜு தீவில் பெண்களை வேட்டையாடிப் பிடித்ததாகச் சொன்ன யோஷிதா செய்ஜி என்பவரின் சாட்சியம் பொய் என்று தெரிந்து, 2014இல் அசாஹி நாளிதழ் தன் பழைய கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அப்படியானால் அடிப்படையே ஆட்டம் காணவில்லையா? வம்புக்காகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

வடவைகை எழுதியது:

இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது எளிது. யோஷிதா சொன்னது பொய்தான். அதை நம்பி எழுதியவர்கள் தவறு செய்தார்கள். ஆனால் இவ்வழக்கு அவர் ஒருவரின் வாய்ச்சொல்லில் நிற்கவில்லை. 1938 மார்ச் 4 தேதியிட்ட இராணுவ அமைச்சகச் சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. ஆறுதல் நிலையங்களுக்குப் பெண்களைத் திரட்டும் தரகர்கள் ஆள்கடத்தலைப் போன்ற முறைகளைக் கையாண்டு காவல்துறையின் பிடியில் சிக்குவதால் இராணுவத்தின் பெயர் கெடுகிறது, ஆகவே ஆள்திரட்டலைக் களத்திலுள்ள படைத் தலைமையே கட்டுப்படுத்தி, தரகர்களைக் கவனமாகத் தேர்ந்து, உள்ளூர்க் காவலரோடு இணைந்து செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். எழுதியவர்கள் தங்கள் பெயரைக் காக்க எழுதிய தாள், தங்கள் பங்கைக் காட்டும் தாளாகிவிட்டது. இதனோடு நெதர்லாந்து, பிலிப்பைன்ஸ், சீனம், இந்தோனேசியா, தைவான் என ஒருவரையொருவர் அறியாத பெண்கள் தந்த சாட்சியங்கள் இருக்கின்றன.

இவ்விடத்தில் நம்மவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு பெயரையும் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் இதை ஆராய்ந்து, 'இராணுவப் பாலியல் அடிமைமுறை' என்ற பெயரைத் தன் 1996 அறிக்கையில் பயன்படுத்தி, ஜப்பான் சட்டப்படியான பொறுப்பை ஏற்று ஒவ்வொருவருக்கும் இழப்பீடு தர வேண்டும் என்று பரிந்துரைத்தவர், இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி. அவ்வறிக்கையிலும் யோஷிதா மேற்கோள் இருந்தது. 2014இல் அப்பகுதியைத் திருத்தும்படி ஜப்பான் கேட்டபோது, அது பல சான்றுகளில் ஒன்று மட்டுமே என்று கூறி அவர் மறுத்துவிட்டார். அந்த மேற்கோள் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பேனும் சேர்த்திருக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து; முடிவு மாறியிருக்காது, எதிர்த் தரப்பின் வாய் அடைபட்டிருக்கும்.

இனி 1965. ஜூன் 22 அன்று கையொப்பமான ஒப்பந்தப்படி ஜப்பான் 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் கொடுத்தது. இரு நாடுகள், இரு நாட்டு மக்கள் ஆகியோரின் கோரிக்கைகள் 'முழுமையாகவும் இறுதியாகவும்' தீர்ந்தன என்று இரண்டாம் பிரிவு சொல்கிறது. ஆகவே ஐயமுடையோன் கேட்பது வெறும் வாதத்துக்காகக் கேட்பதன்று. ஜப்பானின் நிலைப்பாடே அதுதான். கொரியத் தரப்பின் மறுமொழி இரண்டு படிகளில் வருகிறது. அப்பேச்சுவார்த்தை மேசையில் வைத்த கோரிக்கைப் பட்டியலில் செலுத்தப்படாத கூலி இருந்தது, கட்டாயமாகத் திரட்டப்பட்டவர்கள் இருந்தார்கள், இந்தப் பெண்கள் இல்லை. பேசப்படாதது எப்படித் தீர்ந்திருக்கும் என்பது முதற்படி. அரசே செய்த மனிதாபிமானத்துக்கு எதிரான குற்றத்தைச் சொத்துக் கணக்குத் தீர்க்கும் ஒப்பந்தம் கரைத்துவிடாது என்பது இரண்டாவது. 2005இல் பேச்சுவார்த்தைக் கோப்புகளைத் திறந்தபோது கொரிய அரசு எடுத்த நிலைப்பாடும் இதுவே.

ஆனால் அதே கோப்புகள் கொரிய அரசுக்கும் நற்சான்று தரவில்லை. தனியாட்களுக்குக் கொடுக்க வேண்டியதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அன்றைய பார்க் சுங்-ஹி அரசு மொத்தமாக வாங்கிக்கொண்டது. வாங்கியது போஹாங் இரும்பாலையாகவும் சியோல், புசான் நெடுஞ்சாலையாகவும் மாறியது. 1970களின் நடுவில், போருக்கு இழுத்துச் செல்லப்பட்டு இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலைக்கு 3 லட்சம் வொன் கொடுத்தார்கள். உயிரோடு திரும்பிய பெண்களுக்கு அன்று எதுவும் இல்லை.

வழக்குமன்றங்களைப் பொறுத்தவரை, ஜப்பானில் ஒரே ஒரு வெளிச்சம் தென்பட்டது. 1998 ஏப்ரலில் யாமாகுச்சி மாவட்ட நீதிமன்றத்தின் ஷிமோனோசெகி கிளை, மூன்று கொரியப் பெண்களுக்குத் தலா 3 லட்சம் யென் வழங்கத் தீர்ப்பளித்தது. 2001இல் ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2007 ஏப்ரலில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் சீனர்களின் வழக்குகளில் சொன்னது நுட்பமானது: கோரிக்கை அடியோடு அழிந்துவிடவில்லை, ஆனால் அதை வழக்காக்கிப் பெறும் வலு போய்விட்டது, எதிர்த் தரப்பு தானாக முன்வந்து கொடுப்பதற்குத் தடையில்லை. அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு 2009இல் நிஷிமாட்சு என்ற கட்டுமான நிறுவனம், கட்டாய உழைப்புக்கு ஆளான சீனத் தொழிலாளர் தரப்புக்கு 25 கோடி யென் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அரசு அந்த வாசலில் நுழையவே இல்லை.

சியோல்வாசி எழுதியது:

நான் ஆராய்ச்சிப் பணிக்காக இங்கே சில ஆண்டுகளாக இருக்கிறேன். சட்ட நுணுக்கம் அறியேன், கண்டதை எழுதுகிறேன்.

1992 ஜனவரி 8 முதல் புதன்கிழமைதோறும் ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிரே போராட்டம் நடக்கிறது. ஆயிரமாவது போராட்டம் நடந்த 2011 டிசம்பர் 14 அன்று அங்கே ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சிறுமி. தலைமுடி கத்தரித்தாற்போல் ஒழுங்கின்றி இருக்கும். தோளில் ஒரு சிறு பறவை. மடியில் இரு கைகளும் இறுக மூடியிருக்கும். செருப்பில்லாத பாதங்கள், அவற்றிலும் குதிகால்கள் தரையில் படியாமல் சற்றே தூக்கி நிற்கின்றன. ஊருக்குத் திரும்பி வந்தும் கால் ஊன்ற முடியாதவள் என்று உடனிருந்த கொரியத் தோழி விளக்கினாள். சிறுமிக்குப் பின்னால் தரையில் பதித்த நிழலோ கூன் விழுந்த பாட்டியின் நிழல். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. நான் முதன்முதலாகப் போனது ஜனவரிக் குளிரில். யாரோ அச்சிலையின் தலையில் கம்பளித் தொப்பியும் கழுத்தில் துண்டும் சுற்றி, வெறும் பாதங்களுக்குக் காலுறையும் அணிவித்திருந்தார்கள். வெண்கலத்துக்குக் குளிராது என்று அறிந்தவர்கள்தாம் அதைச் செய்தார்கள். அந்தக் காலுறையைப் பார்த்தபின் நெடுநேரம் என்னால் பேச முடியவில்லை.

2015 உடன்பாட்டில் இந்தச் சிலையைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. உரிய முறையில் தீர்க்க முயல்வோம் என்று கொரியா சொல்லியிருந்தது. 2016 இறுதியில் புசான் துணைத் தூதரகத்தின் எதிரே இன்னொரு சிலை வந்தவுடன் ஜப்பான் தன் தூதரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. 2018இல் மணிலாவில் ரோஹாஸ் சாலையோரம் இருந்த சிலையை இரவோடு இரவாக எடுத்துவிட்டார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ நகரம் சிலையை ஏற்றதற்காக ஒசாகா நகரம் அதனுடனான உறவை முறித்துக்கொண்டது. 100 கோடி யென்னைவிட ஒரு வெண்கலச் சிறுமிக்கு அரசுகள் அஞ்சுகின்றன என்றால், பொருநை சொன்ன கணக்குத் தலைப்பு எவ்வளவு முக்கியம் என்பது விளங்குகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020 முதல் எதிர்ப்பாளர்களும் அதே இடத்தில் கூடுகிறார்கள். சிலையைச் சுற்றிக் காவல்துறையின் தடுப்புகள். பாதிக்கப்பட்டவர்களாகக் கொரிய அரசிடம் பதிவு செய்துகொண்ட 240 பேரில் இன்று உயிரோடிருப்பவர்கள் பத்துக்கும் குறைவு.

கடாரத்தான் எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அதை 'ஜப்பான் காலம்' என்றுதான் சொல்வார்கள். தோட்டத்துக்குள் லாரி வரும் சத்தம் கேட்டால் வயது வந்த பிள்ளைகளின் முகத்தில் அடுப்புக்கரியைப் பூசி ரப்பர்க் காட்டுக்குள் அனுப்பிவிடுவார்களாம். என் பாட்டி அப்படி இரண்டு இரவுகள் பால் வெட்டும் மரங்களுக்கிடையே உட்கார்ந்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆண்களை சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பாட்டி வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இங்கே ஆறுதல் நிலையங்கள் இருந்தன. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தன. ஆனால் இழப்பீட்டுக் கணக்கில் மலாயாப் பெண்களுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. 1967இல் ஜப்பானும் மலேசியாவும் செய்துகொண்ட உடன்பாட்டில் 2.5 கோடி மலேசிய டாலர் வந்தது. அது சரக்குக் கப்பல்களாக மாறியது. கொரியாவில் இரும்பாலை, எங்களிடம் கப்பல். போர்க்கடனை நாடு என்ற பெயரில் வாங்கினார்கள், நாடு என்ற பெயரிலேயே செலவழித்தார்கள். காட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அந்தக் கப்பலில் ஏறவில்லை. ஆகவே இது இரு நாடுகளுக்கிடையேயான வழக்கு என்று மட்டும் எழுதுவதை ஏற்க எனக்கு மனமில்லை. பெண்களுக்கும் அவர்களுடைய சொந்த அரசுகளுக்கும் இடையேயும் ஒரு வழக்கு இருக்கிறது.

நெய்தல் எழுதியது:

பொருநை அண்ணாவின் முதற்பதிவை இரண்டு முறை படித்தேன். வாதம் வலுவானது. ஆனால் அதன் கடைசிப் பத்தியை ஏற்க முடியவில்லை. பணத்தைத் தொட மறுத்த பெண்களால்தான் வழக்கு மானத்தோடு நிற்கிறது என்றால், தொட்டவர்களால் மானம் போயிற்றா?

மானம் என்ற சொல்லை வைத்துத்தான் இந்தப் பெண்களை ஐம்பது ஆண்டுகள் வாய் திறக்க விடாமல் வைத்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 1997 ஜனவரியில் ஏழு கொரியப் பெண்கள் ஆசிய மகளிர் நிதியத்தின் பணத்தைச் சியோலில் ஓசையின்றிப் பெற்றுக்கொண்டார்கள். செய்தி வெளியானதும் பத்திரிகைகளும் ஆதரவு அமைப்புகளும் அவர்களைக் கடுமையாகத் தாக்கின. 1998இல் கொரிய அரசு தன் பங்காகவும் திரட்டிய நன்கொடையாகவும் ஏறத்தாழ 3.8 கோடி வொன் ஒவ்வொருவருக்கும் வழங்கியபோது, ஜப்பானிய நிதியத்தில் வாங்கியவர்களை ஒதுக்கிவிட்டது. கடைசியில் கொரியாவில் அந்தப் பணத்தைப் பெற்றவர்கள் 61 பேர். அவர்கள் யார் என்று இன்றும் வெளியே தெரியாது. முதலில் நடந்ததை மறைத்து வாழ்ந்தார்கள், பிறகு பணம் பெற்றதை மறைத்து வாழ்ந்தார்கள். 2015 உடன்பாட்டுப் பணத்தையும் அப்போது உயிரோடிருந்தவர்களில் பெரும்பான்மையோர், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், பெற்றுக்கொண்டார்கள். மூட்டுவலிக்கு மருந்து வாங்க வேண்டியவர்களிடம் சட்டத் தத்துவம் பேசும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

பிலிப்பைன்ஸில் முதன்முதலில் வெளிவந்த ரோசா ஹென்சன் பாட்டியை எடுத்துக்கொள்வோம். 1943இல், பதினைந்து வயதில், கெரில்லாக்களுக்காக மக்காச்சோள மூட்டைகளை வண்டியில் கொண்டுபோகும் வழியில் சோதனைச் சாவடியில் பிடிபட்டவர். பிறகு துணி துவைத்தும் சிகரெட் தொழிற்சாலையில் உழைத்தும் பிள்ளைகளை வளர்த்தார். 1992இல் வானொலியில் வந்த அழைப்பைக் கேட்டுத்தான் வாய் திறந்தார். நிதியம் பணம் கொடுக்கத் தொடங்கியபோது, 1996 ஆகஸ்டில், முதலாவதாகப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். சரியாக ஓராண்டில் இறந்துபோனார். அவரைவிடத் துணிச்சலானவர் யார்?

மறுத்தவர்களையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஜாவாவில் பிடிபட்ட டச்சுப் பெண் ஜான் ரஃப்-ஓ'ஹெர்ன் நிதியத்தின் பணத்தை ஏற்கவில்லை. 1944 பிப்ரவரியில் செமாராங் நகரின் ஒரு வீட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, உடனிருந்த பெண்களிடம் ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் பெயர் எழுதி வாங்கி, அவற்றின்மேல் நூலால் தையல் போட்டு, ஐம்பது ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். அந்த வீட்டில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்தார்கள் என்பதால் அவருக்குப் பூக்களே ஆகாது. அன்னையர் நாளில் பூ வாங்கி வராதீர்கள் என்று மகள்களிடம் சொல்வாராம், காரணம் மட்டும் சொல்லமாட்டாராம். 1992இல்தான் சொன்னார். அவருடைய மறுப்புக்கு ஓர் அடித்தளம் இருந்தது: டச்சுப் பெண்களுக்கு நேர்ந்ததை 1948இலேயே பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) இராணுவ நீதிமன்றம் விசாரித்து, ஓர் அதிகாரிக்கு மரண தண்டனையும் விதித்திருந்தது. அதே தீவில் இந்தோனேசியப் பெண்களுக்காக அப்படி எந்த மன்றமும் கூடவில்லை. 1990களில் இந்தோனேசிய அரசு தனியாட்களுக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லி, முதியோர் இல்லங்கள் கட்ட 38 கோடி யென் பெறச் சம்மதித்தது. மறுப்பதற்கோ ஏற்பதற்கோ அங்கே எந்தப் பாட்டியையும் கேட்கவில்லை.

ஐயமுடையோன் எழுதியது:

வடவைகை அய்யாவின் விளக்கத்துக்கு நன்றி. யோஷிதா பற்றிய என் ஐயம் நீங்கியது. ஆனால் 1965 பற்றி இன்னும் ஒன்று. ஒப்பந்தத்தில் கருத்து வேறுபாடு வந்தால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று விதி இருக்குமே, ஏன் போகவில்லை? மேலும், கொரிய அரசு தன் மண்ணில் அமெரிக்கப் படைத்தளங்களைச் சுற்றி இதே போன்ற ஏற்பாட்டை நடத்தியதாகப் படித்தேன். தன் வீட்டைச் சரிசெய்யாமல் அண்டை வீட்டைக் கேட்கலாமா?

வடவைகை எழுதியது:

மூன்றாம் பிரிவு நடுவர் மன்றத்துக்கு வழி வைத்திருக்கிறது. 2011 ஆகஸ்டில் கொரிய அரசியல் சாசன நீதிமன்றம், இப்பெண்களுக்காக அந்த வழியில் முயலாமல் அரசு சும்மா இருப்பது சாசனத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்த பிறகு, கொரியா பேச்சுக்கு அழைத்தது, ஜப்பான் வரவில்லை. 2019இல் கட்டாய உழைப்பு வழக்கில் ஜப்பான் நடுவர் மன்றம் கேட்டது, கொரியா வரவில்லை. இரு அரசுகளுமே தோற்கக்கூடிய மன்றத்தில் காலடி வைக்க அஞ்சுகின்றன.

படைத்தளப் பெண்கள் பற்றிச் சொன்னது உண்மை. 2022 செப்டம்பரில் கொரிய உச்ச நீதிமன்றமே தன் அரசு பொறுப்பு என்று தீர்ப்பளித்து, அப்பெண்களுக்கு 30 லட்சம் முதல் 70 லட்சம் வொன் வரை வழங்க உத்தரவிட்டது. ஆக, கேட்பவர் தன் வீட்டையும் கூட்ட வேண்டும் என்பது சரி. கூட்டி முடிக்கும்வரை அண்டை வீட்டுக் கடன் தள்ளுபடி என்பது சரியன்று.

கடைசியாக ஒரு முக்கியமான செய்தி. 2021 ஜனவரி 8 அன்று சியோல் மாவட்ட நீதிமன்றம், ஜப்பான் பன்னிரண்டு பெண்களுக்குத் தலா 10 கோடி வொன் தர வேண்டும் என்றது. ஓர் அரசை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்ற இறையாண்மை விலக்கு இத்தகைய குற்றத்துக்குப் பொருந்தாது என்பது காரணம். அதே ஏப்ரலில் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, விலக்கு பொருந்தும் என்று இன்னொரு வழக்கைத் தள்ளியது. 2023 நவம்பர் 23 அன்று சியோல் உயர் நீதிமன்றம் அத்தள்ளுபடியை மாற்றித் தலா 20 கோடி வொன் வழங்கத் தீர்ப்பளித்தது. ஜப்பான் மேல்முறையீடு செய்யவில்லை. செய்தால் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றதாகிவிடும். பன்னாட்டு நீதிமன்றமோ 2012இல் ஜெர்மனி, இத்தாலி வழக்கில் விலக்கு பொருந்தும் என்றே சொல்லியிருக்கிறது. எனவே கையில் தீர்ப்பு இருக்கிறது. வசூலிக்க வழி இல்லை. தூதரகச் சொத்தைத் தொட முடியாது.

பொருநை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நெய்தல் சொன்னதை மூன்று நாட்களாக மனத்தில் போட்டுப் பார்த்தேன். 'மானத்தோடு' என்று நான் எழுதியது பிழை. பணம் எந்தத் தலைப்பில் வந்தது என்பது கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதற்கான விடையை வாங்கியவர் தலையில் ஏற்றிவிட்டேன். அந்த வாக்கியத்தை முதற்பதிவிலிருந்து நீக்கினால் நெய்தலின் மறுமொழி எதற்கு என்று பின்னால் படிப்பவர்களுக்கு விளங்காது. ஆகவே அது அங்கேயே இருக்கட்டும், தவறு என்ற குறிப்போடு.

என் அடிப்படைக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1956இல் நெதர்லாந்துக்கு ஜப்பான் 1 கோடி டாலர் கொடுத்தபோதும், சட்டப்படியான கடன் என்று ஏற்காமல், துன்புற்ற குடிமக்களுக்கு ஆறுதல் தொகை என்ற பொருளில்தான் ஒப்பந்தம் எழுதினார்கள். நிலையத்துக்கும் ஆறுதல் என்று பெயர், பணத்துக்கும் ஆறுதல் என்று பெயர். கடாரத்தான் சொன்ன கப்பலையும் வடவைகை சொன்ன இரும்பாலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வாங்கிய அரசுகளுக்கும் அந்தப் பெயர் வசதியாகவே இருந்திருக்கிறது.

2018இல் கொரிய அரசு 2015 உடன்பாட்டுப் பணத்துக்கு ஈடாகத் தன் கருவூலத்திலிருந்து 1,030 கோடி வொன்னை ஒதுக்கிவைத்தது. அப்பணத்தை வழங்க அமைத்த நிறுவனத்தையும் பிறகு கலைத்துவிட்டது. ஜப்பான் திருப்பி வாங்க மறுக்கிறது, கொரியா செலவழிக்கத் தயங்குகிறது. சியோல்வாசி, நீங்கள் அடுத்த புதன்கிழமை அங்கே போனால், யார் வந்திருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று எழுதுங்கள். இழையைத் திறந்தே வைத்திருக்கிறேன்.